கைதின்போது எவ்வளவு பலம், எந்த நொடியில் நிறுத்துவது: காவலர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவரை எப்படி மடக்குவது என்று காவலர் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள். மணிக்கட்டைத் திருப்புவது, கீழே கிடத்துவது, லத்தியைப் பிடிப்பது, விலங்கு மாட்டுவது என எல்லாம் கவாத்து மைதானத்திலேயே பழகிவிடுகிறது. மடக்கிய பிறகு கையை எடுப்பதை அதே அக்கறையோடு யாரும் பழக்குவதில்லை என்பதுதான் என் கவலை. நாட்டையே உலுக்கிய காவல் மரண வழக்குகளில் எதையாவது எடுத்துப் பாருங்கள். ஆள் திமிறிக்கொண்டிருந்தபோது விழுந்த அடியால் போன உயிர்கள் குறைவு. அவர் அடங்கிய பிறகு, கை கட்டுண்ட பிறகு, ஸ்டேஷன் கதவுக்குள் வந்த பிறகு நடந்ததுதான் உயிரை எடுத்திருக்கிறது.

அதனால் கைது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்காமல், அதன் முடிவை மனதில் வைத்துப் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர், அவரை அனுப்பிவைக்கும் எஸ்.ஐ., பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுப்பவர் ஆகிய மூவருக்கும் இது பயன்படும். கூட்டத்தைக் கலைப்பது வேறு சட்டம், வேறு உத்தி. அதை இங்கே எடுக்கவில்லை.

படி 1: கிளம்பும் முன், கைது தேவையா என்று கேளுங்கள்

பலப்பிரயோகத்தைக் குறைக்க மிக எளிய வழி, தேவையற்ற கைதைச் செய்யாமல் இருப்பது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) இருக்கிறது. இனிச் சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இதனுடையவைதான். அதன் 35-ஆவது பிரிவைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமென்றால், 'கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது' என்பது மட்டும் போதாது. தப்பிவிடுவார், சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார் என்பது போன்ற ஒரு காரணம் வேண்டும். அதை எழுதியும் வைக்க வேண்டும். கைது தேவையில்லை என்றால் 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி அறிவிப்பு கொடுக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னதும் இதுவே. இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அது செல்லாது என்று 2025-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அதே பிரிவின் 7-ஆவது உட்பிரிவு பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம், ஆள் உடல்நலம் குன்றியவர் அல்லது 60 வயதைத் தாண்டியவர் என்றால், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் அழைத்துச் செல்லப்பட்டது, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான். நான்கே நாளில் இருவரும் உயிரோடு இல்லை. அந்த வழக்கைப் பாடமாக எடுக்கும் ஒவ்வொரு முறையும், ஸ்டேஷனுக்குள் நடந்ததைப் பேசும் முன் இந்தக் கேள்வியில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்: அந்த ஜீப் கிளம்பியே இருக்க வேண்டுமா?

படி 2: யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

கைது அவசியம்தான் என்று முடிவானால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் யார் யார் இருப்பார்கள், குழந்தைகள் உண்டா, நாய் உண்டா, பின்வாசல் எங்கே, அந்த ஆளிடம் முன்பு ஆயுதம் இருந்ததா, குடிப்பவரா, இதய நோயோ வலிப்போ ஆஸ்துமாவோ உண்டா, காது கேட்குமா? கடைசிக் கேள்விகள் அனாவசியமாகத் தோன்றலாம். 'கையைத் தூக்கு' என்று மூன்று முறை கத்தியும் தூக்காத ஆள் காது கேளாதவராக இருந்தால், அவர் கீழ்ப்படியவில்லை என்று முடிவுகட்டி அவர்மீது பாய்வது எவ்வளவு பெரிய கொடுமை!

பெண்ணைக் கைது செய்ய வேண்டியிருந்தால் பெண் காவலர் உடன் வர வேண்டும். 43-ஆவது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்னதுமே அவர் காவலுக்கு உட்பட்டதாகக் கொள்ள வேண்டும். ஆண் காவலர் அவரைத் தொடக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால் பெண் அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்து, நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் முழு நடைமுறையும் மாறிவிடுகிறது. அங்கே சீருடை இல்லை, விலங்கு இல்லை, லாக்கப் இல்லை. குழந்தைகள் நலக் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

மனநலம் குன்றித் தெருவில் திரிபவரைப் பிடிப்பது கைதே அல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு அதைப் பாதுகாப்பில் எடுப்பது என்றுதான் பார்க்கிறது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைப்பதை எந்தச் சூழலிலும் அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டு போவது அவசியம். ஒருவர் பேசுபவர். ஆளிடம் அவர் மட்டுமே பேச வேண்டும். இன்னொருவர் கைகளைக் கவனிப்பவர். பேச்சில் கலந்துகொள்ளாமல் அந்த ஆளின் கைகளையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாமவர் இருந்தால் அவருக்கு நான் தரும் வேலை, நம் ஆட்களையே கவனிப்பது. யாருக்காவது கோபம் ஏறுகிறதா, யாராவது கழுத்தில் கை வைக்கிறாரா, ஆள் மூச்சு விடுகிறாரா என்று பார்த்து, தேவைப்பட்டால் 'போதும், விடு' என்று சொல்பவர் அவர். இந்த மூன்றாமவரை யாரும் நியமிப்பதில்லை. வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

படி 3: முதல் அரை நிமிடம் வாயால்தான்

பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். இது 36-ஆவது பிரிவின் கட்டாயம். யார் நீங்கள், எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்பதைச் சொல்லுங்கள். அதை எந்தக் குரலில், எந்த மரியாதையோடு சொல்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த பத்து நிமிடமும் அடங்கியிருக்கிறது.

தெருவில், மனைவியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் பார்த்திருக்க, 'டேய், ஏறுடா வண்டியில' என்று தொடங்கினால், வரத் தயாராக இருந்தவரும் முறைப்பார். அவர் முறைத்ததை 'எதிர்ப்பு' என்று எடுத்துக்கொண்டு நீங்கள் கை ஓங்குவீர்கள். 'அண்ணே, உங்க மேல ஒரு வழக்கு இருக்கு. எங்களோட வரணும். சட்டை போட்டுக்கங்க, மாத்திரை இருந்தா எடுத்துக்கங்க, வீட்டுல சொல்லிட்டு வாங்க' என்றால் பெரும்பாலானோர் சட்டையைத் தேடப் போவார்கள். ஒருவர் பின்னாலேயே போய்க் கண்காணித்தால் போதும். சொல்லாலோ செயலாலோ அவர் காவலுக்கு உட்பட்டுவிட்டால் உடலைத் தொட வேண்டிய தேவையே இல்லை என்று 43(1) சொல்கிறது. இப்படித் தொடாமலே முடிகிற கைதுதான் முறையான கைது. அதைக் கோழைத்தனமாகப் பார்க்கும் வழக்கத்தை ஸ்டேஷன்களிலிருந்து அகற்ற வேண்டும்.

ஆள் குடித்திருந்தால், கத்தினால், அழுதால் அவசரப்படாதீர்கள். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. 'கையை எடு, திரும்பு, உட்காரு' என்று நான்கு பேர் நான்கு கட்டளை போட்டால் யாராலும் கீழ்ப்படிய முடியாது. சொன்னதைச் செய்ய நேரம் கொடுங்கள். ஆயுதம் இல்லாத, ஓட வழியில்லாத ஆள் பத்து நிமிடம் கத்தட்டுமே. அந்தப் பத்து நிமிடத்தில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. கூடுதல் ஆள் வரவும் அவர் களைத்து உட்காரவும் அது உதவும்.

படி 4: கை வைக்க வேண்டிய கட்டம்

பலமாக எதிர்த்தால் அல்லது தப்ப முயன்றால், கைதுக்குத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்று 43(2) சொல்கிறது. 'எல்லா வழிகளும்' என்பதை மட்டும் படித்து நின்றுவிடுபவர்கள் உண்டு. அதற்கு முன்னால் இருக்கும் 'தேவையான' என்பதில்தான் சட்டத்தின் கடிவாளம் இருக்கிறது. தப்பாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று 46-ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. தற்காப்பு உரிமையும் அப்படியே. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது ஒருபோதும் நீளாது என்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 37-ஆவது பிரிவில் இருக்கிறது.

நடைமுறையில் இதை அந்த ஆள் செய்வதிலிருந்து தொடங்கி யோசியுங்கள். சும்மா உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறார் என்றால் இருவர் இரு கைகளைப் பிடித்து எழுப்பலாம், அடிக்க வேலையில்லை. கையை உதறி ஓடப் பார்க்கிறார் என்றால் பிடித்து நிறுத்தலாம், மணிக்கட்டையும் முழங்கையையும் கட்டுப்படுத்தலாம், தேவைப்பட்டால் கீழே அமர்த்தலாம். அடிக்க வருகிறார் என்றால் அந்த அடியைத் தடுக்கத் தேவையான பலம். ஆயுதத்தோடு வந்தால் முதலில் விலகி, மறைவு தேடி, கூடுதல் ஆளை அழைப்பது; உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அதற்குரிய பதில்.

இதைப் படிக்கட்டாக வரைந்து காட்டும் பாடப் படங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒரு குறை உண்டு. ஏறிப் போவதைக் காட்டும் அம்பு பெரிதாகவும், இறங்கி வருவதைக் காட்டும் அம்பு சிறிதாகவும் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஆள் ஒரு நொடியில் எதிர்ப்பை விடுகிறார் என்றால் நாமும் அந்த நொடியிலேயே இறங்க வேண்டும். 'ஓட வெச்சுட்டான்ல' என்று பிடித்த பிறகு விழும் ஓர் அறைக்கு, ஒரே ஓர் அறைதான் என்றாலும், சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. அது பலப்பிரயோகம் அல்ல, தண்டனை. தண்டிக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கொடுக்கப்படவில்லை.

கழுத்து முழுக்க முழுக்க விலக்கப்பட்ட பகுதி. முழங்கையால் நெரிப்பது, சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இழுப்பது, துண்டைக் கழுத்தில் போட்டு இழுப்பது எதுவுமே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தமும் மூச்சுக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. சில வினாடிகளில் மயக்கம் வரும். பிறகு என்ன ஆகும் என்பது நம் கையில் இல்லை.

படி 5: தரையில் கிடத்தினால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உயிர் போவதற்கு அதிக வாய்ப்புள்ள கட்டம் இதுதான். அதைத் தடுப்பதும் எளிது.

ஓடி, புரண்டு, சண்டையிட்ட உடலுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்று வேண்டும். மூச்சு இழுக்க நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். உதரவிதானம் கீழிறங்க வயிற்றில் இடம் வேண்டும். குப்புறக் கிடத்தி, கைகளைப் பின்னால் கட்டி, முதுகில் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் இந்த இரண்டுக்கும் வழி அடைபடுகிறது. ஆள் பருமனாக இருந்தால், குடித்திருந்தால், போதையில் இருந்தால், இதய நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மூச்சு கிடைக்காதவர் என்ன செய்வார்? உடலை முறுக்குவார், நெஞ்சைத் தூக்கப் பார்ப்பார், காலை உதைப்பார். மேலே இருப்பவருக்கு அது திமிறலாகத் தெரியும். இன்னும் அழுத்துவார். மூச்சுக்கான போராட்டத்தைக் கைதுக்கு எதிரான போராட்டமாக நினைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை.

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்கால் 9 நிமிடம் 29 வினாடி இருந்தது. அவருக்கு ஏற்கெனவே விலங்கு மாட்டியாகிவிட்டது. சந்தேகம் ஒரு 20 டாலர் கள்ள நோட்டு பற்றியது. அங்கிருந்த, பணிக்குப் புதிய காவலர் ஒருவர், அவரைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் மறுத்தார், புதியவர் கேட்டதோடு நின்றுவிட்டார். நாடி கிடைக்கவில்லை என்று இன்னொருவர் சொன்ன பிறகும் முழங்கால் எடுக்கப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அந்த இடத்தில் இருந்தது. அதைச் செய்து முடிக்கும் பழக்கம்தான் இல்லை.

எனவே வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடத்த நேர்ந்தால் கைகளையும் கால்களையும் பிடியுங்கள். முதுகு, கழுத்து, இடுப்புக்கு மேல் உள்ள நடுப்பகுதி ஆகியவற்றின் மீது பாரம் ஏற்றாதீர்கள். விலங்கு தேவை என்றால் மாட்டும் அந்தச் சில வினாடிகளோடு குப்புறக் கிடத்தல் முடிந்துவிட வேண்டும். மாட்டியதும் எல்லோரும் விலகி எழுந்திருங்கள். உடனே ஆளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு உட்கார வையுங்கள். பெயரைக் கேளுங்கள், பதில் சொல்கிறாரா பாருங்கள். உதடும் நகமும் நீலம் பாய்கிறதா, மூச்சு கொரகொரக்கிறதா, கண் சொருகுகிறதா என்று மூன்றாமவர் பார்க்க வேண்டும்.

'மூச்சு முட்டுது' என்று சொன்னால் 'பேச முடியுதுல்ல, அப்போ மூச்சு இருக்கு' என்று பதில் சொல்லாதீர்கள். பேசுவதற்குச் சிறிது காற்று போதும். உயிரோடு இருக்க அது போதாது. நடிக்கிறாரோ என்ற சந்தேகம் வரும். சந்தேகம் சரியாகவே இருந்தாலும், உட்கார வைத்துப் பார்ப்பதால் நமக்கு எதுவும் குறையாது. சட்டென்று அமைதியாகிவிட்டால் 'அடங்கிட்டான்' என்று நினைப்பதற்கு முன் நாடியைப் பாருங்கள். மூச்சோ நாடியோ இல்லையென்றால் விலங்கைக் கழற்றி, மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழையுங்கள். ஜீப்பில் தூக்கிப் போட்டு ஓடுவதைவிட அங்கேயே தொடங்கும் அழுத்தம் முக்கியம்.

கையையும் காலையும் பின்னால் சேர்த்துக் கட்டுவது, குப்புறப் படுக்க வைத்தே ஜீப்பின் பின்புறத்தில் கொண்டுபோவது இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

படி 6: கைவிலங்கு

1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், விலங்கிடுவதை இயல்பான நடைமுறையாக வைத்திருப்பதையே கண்டித்தார். தப்பிவிடுவார் என்ற தெளிவான ஆபத்து இருந்தால் மட்டும், காரணத்தை எழுதிவைத்து மாட்டலாம் என்றது அந்தத் தீர்ப்பு. 1995-இல் வந்த தீர்ப்பு இன்னும் இறுக்கியது. வாரண்ட் இல்லாத கைதில் தேவை இருந்தால் நடுவரிடம் நிறுத்தும்வரை மாட்டலாம், அதற்குப் பிறகு அவருடைய உத்தரவு வேண்டும்.

இப்போது 43(3) வழக்கமான குற்றவாளி, காவலில் இருந்து தப்பியவர், திட்டமிட்ட குற்றம், பயங்கரவாதம், போதைப்பொருள், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருத்தல், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, கள்ள நோட்டு, மனிதக் கடத்தல், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், நாட்டுக்கு எதிரான குற்றம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, அத்தகையவருக்கு விலங்கு மாட்டலாம் என்கிறது. 'மாட்டலாம்' என்றுதான் இருக்கிறது, 'மாட்ட வேண்டும்' என்று இல்லை. பட்டியலில் இல்லாத ஆளுக்குப் பழக்கத்தால் மாட்டினால், நாளை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மாட்டியவரே.

மாட்டும் முறையில் இரண்டு விஷயம். விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விரல் நுனி நுழையும் இடம் இருக்க வேண்டும். தானாக மேலும் இறுகாமல் இருக்க இரட்டைப் பூட்டு உள்ள வகை என்றால் அதைப் பூட்டிவிட வேண்டும். இறுக்கிய விலங்கு கட்டைவிரல் பக்கத்து நரம்பை அழுத்தி வாரக்கணக்கில் மரத்துப்போக வைக்கும். 'கை மரக்குது' என்றால் பார்த்துத் தளர்த்துங்கள், பார்த்ததைக் குறித்து வையுங்கள்.

படி 7: லத்தியும் துப்பாக்கியும்

லத்தியைப் பற்றிச் சுருக்கமாக: தலை, கழுத்து, முதுகுத்தண்டு, சிறுநீரகப் பகுதி, ஆணுறுப்பு, மூட்டு இவை அடிக்கும் இடங்களே அல்ல. தொடையின் சதைப் பகுதியில் ஓர் அடி, ஒரு கட்டளை, பின்வாங்கிப் பார்த்தல். மூன்று பேர் சுற்றி நின்று அடித்தால் யார் எத்தனை அடி அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தவர் மேல் லத்தி படக் கூடாது.

துப்பாக்கியைப் பற்றி: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத எவரையும் கைதின்போது கொல்லும் உரிமை காவலருக்கு இல்லை என்று 43(4) சொல்கிறது. சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பு இது. 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பெரும் ஆபத்து இருக்கும்போதே சுடலாம், அதற்கு முன் தன்னைக் காவலர் என்று அறிவித்து எச்சரிக்க வேண்டும் என்கின்றன. பயிற்சியில் இந்த இரண்டாவது அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

'காலில் சுட்டுப் பிடித்தனர்' என்ற செய்தி நம் ஊரில் அடிக்கடி வருகிறது. ஓடுகிற கால் சிறிய, நகர்கிற இலக்கு. தவறினால் தோட்டா தெருவில் யார் மேலாவது படும். பட்டால், தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்து சில நிமிடங்களில் உயிர் போகலாம். காலில் சுடுவதும் உயிர்பறிக்கக்கூடிய பலமே. அதை மென்மையான வழியாகக் கற்பிப்பது தவறு. 2014-இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் என்கவுன்டர் மரணங்களுக்காக உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் (தனி எஃப்.ஐ.ஆர்., சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழுவின் விசாரணை, நடுவர் விசாரணை, சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கூடாது) கொடுங்காயம் பட்ட மோதல்களுக்கும் இயன்றவரை பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 8: வண்டியிலிருந்து ரிமாண்ட் வரை

ஆளைச் சோதனையிடுங்கள். பிளேடு, ஊசி, மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய பாதுகாப்புக்கும் உங்களுடையதுக்கும்தான். எடுத்த பொருளுக்கு ரசீது கொடுங்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். வண்டியில் நிமிர்ந்து உட்கார வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 கட்டளைகளின் சாரம் இப்போது பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை, கைதானதும் மருத்துவப் பரிசோதனை, அதன் நகல் கைதானவருக்கு. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதியே கொடுக்க வேண்டும் என்றும், உடனே முடியாத சூழலில் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும் என்றும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கைது நேரத்தை உண்மையாக எழுதுங்கள். 'செக்யூர் பண்ணி வெச்சிருக்கோம்' என்று இரண்டு நாள் ஒரு லாட்ஜிலோ தோப்பு வீட்டிலோ வைத்திருந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக எழுதும் பழக்கம் எத்தனையோ வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. ஆளின் நடமாட்டம் தடைபட்ட நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கணக்கில் வராத அந்த மணி நேரங்களில்தான் அடி விழுகிறது.

காயத்தோடு வந்தவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், பிறகு ஸ்டேஷன். வாக்குமூலத்துக்காக அடிப்பது பற்றி இரண்டே வரி. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியச் சட்டப்படி குற்றத்தை நிரூபிக்க உதவாது. அதற்காகக் காயப்படுத்துவது பி.என்.எஸ். 120-இன்படி ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை சிறை. கழிப்பறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் கைதிகளைப் பற்றி, ஸ்டேஷன் கழிப்பறைகள் அவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. அந்தப் படங்களைப் பகிர்ந்து கைதட்டும் பொதுமக்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த அறைக்குள் நாளை யார் கொண்டுவரப்படுவார் என்பதை முடிவு செய்வது அவர்கள் அல்ல.

ஸ்டேஷன் கேமராக்கள் ஓடுகின்றனவா என்று பாராவில் இருப்பவர் ஒவ்வொரு முறை மாறும்போதும் பார்த்துக் குறிக்க வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டது 18 மாதப் பதிவு. எப்படியிருந்தாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

படி 9: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

'எதிரி தப்ப முயன்றபோது தகுந்த பலம் பிரயோகித்துக் கைது செய்யப்பட்டார்' என்ற ஒரு வரியைத் தூக்கி எறியுங்கள். அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'மாலை 6.10-க்கு வீட்டு வாசலில் வழக்கைச் சொன்னேன். அவர் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு வடக்கே ஓடினார். காவலர் இடது கையையும் நான் வலது கையையும் பிடித்தோம். மூவரும் விழுந்தோம். அவருடைய வலது முழங்கை தார் ரோட்டில் சிராய்ந்தது. 6.12-க்கு எதிர்ப்பு நின்றது. கையை விட்டோம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.' யார், என்ன செய்ததால், எந்தப் பலம், உடலின் எந்த இடத்தில், எப்போது நின்றது என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. முறையாக நடந்துகொண்ட காவலரைப் பிறகு காப்பாற்றப்போவதும் இந்த எழுத்துதான். உடன் போனவர்கள் கலந்து பேசி ஒரே வாசகத்தை எழுதாமல், தனித்தனியே எழுத வேண்டும்.

படி 10: இதைப் பழக்குவது எப்படி

இதுவரை சொன்னதை வகுப்பறையில் கேட்டால் பத்து நாளில் மறந்துவிடும். உடல் பதறும்போது மூளை சட்டப் பிரிவுகளைத் தேடாது. கை பழகியதைத்தான் செய்யும். பதற்றத்தில் பார்வை குறுகும், காது மந்தமாகும், நேரம் எவ்வளவு ஆனது என்றே தெரியாது. பயிற்சியும் அந்தப் பதற்றத்துக்குள்தான் நடக்க வேண்டும்.

வாராந்திரக் கவாத்து நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் கைதாகும் ஆளாக நடிக்கட்டும். பயிற்சி பெறுபவர்களை மைதானத்தை ஒரு சுற்று ஓடவிட்டு, மூச்சிரைக்கும்போதே காட்சிக்குள் விடுங்கள். நடிப்பவருக்கு ரகசியமாக ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். சில முறை பேசியதும் வந்துவிட வேண்டும், சில முறை திமிற வேண்டும், சில முறை திமிறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று உடலைத் தளர்த்திவிட வேண்டும். இந்தக் கடைசி வகைதான் முக்கியம். தளர்ந்த நொடியிலிருந்து கை விலகும் நொடி வரை பயிற்றுநர் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். முதல் வாரம் அந்த இடைவெளி உங்களைத் திடுக்கிட வைக்கலாம். அது குறையக் குறையத்தான் பயிற்சி நடக்கிறது என்று பொருள். எவ்வளவு வேகமாக மடக்கினார் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். எவ்வளவு வேகமாக விட்டார் என்பதற்குப் போடுங்கள்.

காட்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து நடந்ததை எழுதட்டும். பிறகு செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டு, எழுதியதோடு ஒப்பிடுங்கள். நேர்மையான காவலர்கூட 'நான் ஒரு தடவைதான் தள்ளினேன்' என்று எழுதியிருப்பார். வீடியோவில் மூன்று தடவை இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. பதற்றத்தில் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை கவனமாக எழுதுவார்.

தடுத்து நிறுத்துவதையும் தனிக் காட்சியாகப் பழக்க வேண்டும். ஏட்டாக நடிப்பவர் அளவு மீறுவார். நேற்று பணிக்கு வந்த காவலர் அவரை நிறுத்த வேண்டும். நம் ஸ்டேஷன்களின் படிநிலையில் இதைவிடக் கடினமான காரியம் கிடையாது. சாத்தான்குளத்தில் நடந்ததை, அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விசாரணைக்கு வந்த நடுவரிடம் சொன்னார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு துணிவு இல்லாதவர்களாலும் தடுக்க முடிய வேண்டும் என்றால், தடுப்பது சாதாரண வேலையாக மாற வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாசகத்தை ஸ்டேஷன் முழுவதும் ஏற்றுக்கொள்ளட்டும். 'ஏட்டையா, நான் பிடிச்சுக்கறேன், நீங்க விடுங்க' என்று இருக்கலாம். அது யார் வாயிலிருந்து வந்தாலும், எந்தப் பதவியில் இருப்பவரும் கையை எடுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போக வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம். இன்ஸ்பெக்டரே மாதம் ஒரு முறை அந்தக் காட்சியில் அளவு மீறுபவராக நடித்து, ஓர் இளைய காவலர் சொன்னதும் விலகிக் காட்டட்டும். சொன்னவரை அன்றைய வருகைப் பதிவின்போது எல்லோர் முன்னிலையிலும் பாராட்டட்டும்.